பழைய பெட்ரோல் காரின் மைலேஜ் குறைந்தால்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் முறை

லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தந்துகொண்டிருந்த பழைய ஆல்டோ போன்ற ஒரு சிறிய பெட்ரோல் கார் இப்போது 12 மட்டுமே தருகிறது என்று சொன்னால், பெரும்பாலான பட்டறைகளில் முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார்கள், அடுத்து ஏர் ஃபில்டரை மாற்றுவார்கள், பிறகு இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். இவ்வளவும் செய்த பிறகும் கணக்கு மாறாவிட்டால், "வண்டி பழசாயிடுச்சு சார், இனிமே இவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். அந்த முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வயதான இன்ஜின் சிறிதளவு மைலேஜை இழப்பது இயல்பு; மூன்றில் ஒரு பங்கை இழப்பது இயல்பன்று, அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கும்.

அந்தக் காரணம் மூன்று வழிகளில் ஒன்றில்தான் இருக்க முடியும். எரிந்த பெட்ரோல் தந்த ஆற்றல் பிரேக்கிலோ டயரிலோ கிளட்ச்சிலோ வீணாகலாம். இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போய்க்கொண்டிருக்கலாம். அல்லது போன பெட்ரோல் முழுமையாக எரியாமலோ, எரியுமுன்பே கசிந்தோ வெளியேறலாம். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அறிகுறியைக் காட்டும். உதிரிபாகம் வாங்குவதற்கு முன் அந்த அறிகுறியைப் படிப்பதற்கே இந்த வழிமுறை.

முதலில் குறைவு உண்மைதானா என்று பாருங்கள்

பெட்ரோல் முள் காட்டுவதை நம்பி மைலேஜ் கணக்கிடுவது பயனற்றது. டேங்கை நிரப்பி, நாசில் தானாக நிற்கும் முதல் 'கிளிக்'கோடு நிறுத்தி, டிரிப் மீட்டரைச் சுழியாக்கி, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், அதே முதல் கிளிக் வரை மீண்டும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை நிரம்பிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் கிடைப்பதே மைலேஜ். முதல் கிளிக்குக்குப் பிறகு ரூபாயை முழுத்தொகையாக்க ஊற்றப்படும் கூடுதல் பெட்ரோல், 28 அல்லது 30 லிட்டர் டேங்க் உள்ள சிறிய காரில் கணக்கை வெகுவாகக் கெடுக்கும். ஒரே ஒரு நிரப்பலை வைத்து முடிவு செய்யாமல், அடுத்தடுத்த மூன்று நிரப்பல்களின் மொத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

டயர் அளவையும் பார்க்க வேண்டும். 145/80 ஆர்12 டயர் வர வேண்டிய இடத்தில் 155/80 ஆர்12 போட்டிருந்தால், சக்கரத்தின் விட்டம் சுமார் 537 மி.மீட்டரிலிருந்து 553 மி.மீட்டராக உயர்கிறது. இது 3 விழுக்காடு பெரியது என்பதால், கார் 103 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 100 என்றே காட்டும். உண்மையில் 18 தரும் கார் காகிதத்தில் 17.5 தருவதுபோல் தோன்றும். காரில் எந்தப் பழுதும் இராது.

எத்தனாலுக்கு உரிய பங்கைக் கழித்துவிடுங்கள்

2014-ஆம் ஆண்டளவில் நம் பெட்ரோலில் எத்தனால் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. 2022-இல் அது 10 விழுக்காட்டை எட்டியது. 2025-இல் 20 ஆனது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. ஆகவே 20 விழுக்காடு கலந்த எரிபொருளில், கலப்பற்ற பெட்ரோலை விட 6 முதல் 7 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. எத்தனாலுக்கென வடிவமைக்கப்படாத பழைய நான்கு சக்கர வாகனங்களுக்கு 2021-இல் நிதி ஆயோக்கின் வல்லுநர் குழு மதிப்பிட்ட மைலேஜ் இழப்பும் இதே 6–7 விழுக்காடுதான்.

இந்தக் கழிவைச் செய்யாமல் பழுது தேடத் தொடங்கினால், கிடைக்கவே முடியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்போம். முன்பு 18 தந்த கார் இன்று 16.8 தந்தால், எரிபொருள் மாறியதே அதற்குப் போதுமான விளக்கம். அதே கார் 12 தந்தால், 18-க்கும் 16.8-க்கும் இடையிலான பகுதியை எத்தனாலின் கணக்கில் எழுதிவிட்டு, எஞ்சிய ஏறக்குறைய 5 கிலோமீட்டரைக் காரில் தேட வேண்டும். எல்லாப் பழியையும் எத்தனாலின் மேல் போட்டுவிட்டு உண்மையான பழுதைக் கவனிக்காமல் விடுவது இப்போது பரவலாகிவிட்டது என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் வேகம் இழக்கிறது, நியூட்ரலில் உருள மறுக்கிறது

எனது மதிப்பீட்டில் எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், ஏனென்றால் இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சமதளமான, ஆள் நடமாட்டமற்ற இடத்தில் காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை முழுமையாக இறக்கிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துப் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். ஆல்டோ அளவுள்ள கார் ஒரே ஆள் தள்ளுவதில் எளிதாக நகரத் தொடங்க வேண்டும். நகர்ந்த பிறகு கையை எடுத்தாலும் சில அடி தொலைவு உருள வேண்டும். கையை எடுத்த உடனே நின்றால் ஏதோ ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எந்தச் சக்கரம் என்பதை வெப்பம் சொல்லும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கருகேயும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், கை சுடும். முன் சக்கரங்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். பின் சக்கரங்கள் அவற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் தன் இணையைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் பழுது அங்கேதான்.

பின் சக்கரமானால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சந்தேகியுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடலோரப் பகுதிகள் என உப்புக்காற்று படும் ஊர்களில் கேபிளின் உறைக்குள் துரு ஏறி, லீவரை இறக்கினாலும் கம்பி திரும்பி வருவதில்லை. பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். முன் சக்கரங்களுக்குத் தடை வைத்து, காரை ஜாக்கியில் ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் கேபிளின் சரிசெய்யும் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குற்றம் கேபிளினுடையது, விடுபடாவிட்டால் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரையும் ஷூவின் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். கேபிளை மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

முன் சக்கரமானால், பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகரும் பின்கள் காய்ந்து இறுகியிருக்கலாம், பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், அல்லது ரப்பர் பிரேக் ஹோஸ் உட்புறமாக வீங்கி அழுத்தத்தைத் திரும்ப விடாமல் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரின் பிளீடிங் நிப்பிளைச் சிறிது திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பீறிட்டு வந்து சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் ஹோஸிலோ அதற்கு மேலேயோ அடைபட்டிருந்தது. விடுபடாவிட்டால் காலிப்பரே இறுகியிருக்கிறது. இதைப் பார்க்காமல் பேடை மட்டும் மாற்றினால் புதிய பேடும் சில மாதங்களில் தேய்ந்துவிடும்.

பிரேக் சரியாக இருந்தால் டயருக்கு வருவோம். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டப்பட்ட தாளில் இருக்கும். பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் உள்ள அளவிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் சொந்தமாக ஓர் அளவி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் ஏறத்தாழ 0.2 விழுக்காடு மைலேஜ் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பத்து பிஎஸ்ஐ குறைவாக ஓடும் காருக்கு இது 2 விழுக்காடு. கவனிக்க வேண்டியதே என்றாலும் 5 கிலோமீட்டர் இழப்பை விளக்கப் போதாது.

வீல் அலைன்மென்ட் கெட்டிருப்பதை டயரே காட்டும். முன் டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியாகவும், பிறகு வெளியிலிருந்து உள்ளாகவும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பத்தின் பல்போலவும் உணர்ந்தால், இரு முன் சக்கரங்களும் இணையாக இல்லாமல் பக்கவாட்டில் தேய்ந்தபடி ஓடுகின்றன. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் 'ஊம்' என்ற ஒலி எழுந்து, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடியோ குறைந்தோ கேட்டால் வீல் பேரிங்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி: வெப்பமானி முள் நடுவுக்கு வருவதில்லை, நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது

நம் ஊர்ப் பழைய கார்களில் மிக அதிகமாகத் தப்பிவிடும் காரணம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இன்ஜின் சூடாகிறது என்று ஒரு காலத்தில் யாரோ குறை சொல்லியிருப்பார்கள். அடைபட்ட ரேடியேட்டரைச் சரிசெய்வதற்குப் பதிலாக, "நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையே இல்லை" என்று சொல்லித் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்திருப்பார்கள். அதன்பின் காரை வாங்கியவருக்கு இது தெரிந்திருக்காது.

தெர்மோஸ்டாட் வால்வு பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். அதுவரை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுழலவைத்து விரைவில் சூடேற்றுவது அதன் வேலை. வால்வு இல்லாத, அல்லது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்ட காரில் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடுகிறது. நகர நெரிசலில் எப்படியோ சூடேறிவிடும். ஆனால் திண்டிவனம் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்து, இன்ஜின் 60 அல்லது 65 டிகிரியிலேயே நின்றுவிடும். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியான இசியு கருதிக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. அந்தக் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருவதும், ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக மெல்ல ஏறுவதும் இதனால்தான். ஆகவே இது மைலேஜோடு நிற்பதில்லை. பிஸ்டன் ரிங்கின் ஆயுளையும் தின்கிறது.

சோதனை எளிது. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் கிளப்பி, இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல் தொட்டிக்குச் செல்லும் தடித்த ஹோஸைக் கையால் பற்றுங்கள். மின்விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கை எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு நல்ல நிலையில் இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, வால்வு திறக்கும் நேரத்தில் குறுகிய இடைவெளியில் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். கிளப்பியது முதலே வெதுவெதுப்பாகி மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது மூடுவதில்லை. கழற்றி எடுத்த வால்வை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலால் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துக் காய்ச்சினால் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று நேரே பார்க்கலாம். வால்வின் மேலேயே அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

புதிய வால்வு போட்டதும் கார் அதிகமாகச் சூடாகத் தொடங்கினால், வால்வு எதற்காகக் கழற்றப்பட்டதோ அந்தப் பழைய நோய் வெளிப்படுகிறது என்று பொருள். ரேடியேட்டர் அடைப்பு, மின்விசிறி, வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். வால்வை மீண்டும் கழற்ற இடம் கொடுக்காதீர்கள்.

ஹோஸ் சோதனை சரியாக இருந்து, முள் நடுவில் நின்றும், இன்ஜின் குளிர்ந்த காரைப்போல் நடந்துகொண்டால் கூலன்ட் வெப்ப சென்சாரைப் பார்க்க வேண்டும். பல கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், இசியுவுக்கு வேறொரு சென்சார் என்பதால் முள்ளைப் பார்த்து ஏமாறக் கூடாது. இசியுவுக்கான சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருப்பது வழக்கம். சூடான பிறகும் மின்தடை ஆயிரம் ஓமுக்குக் கீழே இறங்காவிட்டால் சென்சார் பொய் சொல்கிறது. ரேடியேட்டர் விசிறி சாவி போட்டதும் ஓடத் தொடங்கி நிற்காமலே இருந்தால், சென்சாரின் கம்பி அறுந்ததை அறிந்து இசியு பாதுகாப்புக்காக விசிறியை ஓட்டுகிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: கரும்புகை, சைலன்சர் முனையில் கரி, புகையில் பெட்ரோல் வாடை

தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பிளக்குகளைக் கழற்றினால் நுனியில் உலர்ந்த, மெத்தென்ற கரி படிந்திருக்கும். வெளிர் பழுப்பு நிறமானால் கலவை சரி. எண்ணெய் வழவழப்போடு கறுத்திருந்தால் அது ஆயில், பெட்ரோல் அன்று.

கையிலேயே இருக்கும் இன்னொரு சான்றை யாரும் படிப்பதில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு அளவு அச்சிடப்பட்டிருக்கும். பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) என்னும் புகை விதிகளில் பிஎஸ்-2, பிஎஸ்-3 பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் (நின்ற காரில் இன்ஜின் ஓடும்போது) உச்ச வரம்பு 0.5 விழுக்காடு, பிஎஸ்-4-க்கு 0.3. பழைய சான்றிதழ்களை வரிசையாக வைத்து அந்த எண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறதா என்று பாருங்கள். காரை உண்மையாகவே சோதித்துத் தரும் மையத்தின் சான்றிதழ்தான் இதற்குப் பயன்படும். நல்ல நிலையில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓரளவு கூடுதல் பெட்ரோலை மறைத்துவிடும் என்பதால், எண் குறைவாக இருந்தால் மட்டும் இன்ஜின் சரி என்று முடிவுகட்ட முடியாது.

2010-க்குப் பிறகு வந்த பிஎஸ்-4 கார்களில் ஓபிடி ஸ்கேனர் (இசியுவின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) பெரிய உதவி. அதற்கு முந்தைய பல கார்களில் கடையில் கிடைக்கும் பொதுவான இஎல்எம்327 கருவி தொடர்புகொள்ளாது. அந்தக் கார் நிறுவனத்துக்குரிய ஸ்கேனர் வைத்திருக்கும் கார் மின்பணியாளரிடம் போக வேண்டும். பிழைக் குறியீடு இல்லை என்று வந்தால் அதோடு விடாமல் நீண்டகால எரிபொருள் திருத்தம் என்ற எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, அடிப்படை அளவிலிருந்து எத்தனை விழுக்காடு பெட்ரோலை இசியு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அந்த எண். இது சுழியிலிருந்து 10-க்கு மேல் எந்தப் பக்கம் விலகினாலும் காரணம் தேட வேண்டும்.

இங்கே எண்ணையும் பிளக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிளக் கறுத்து, எண் மைனஸில் இருந்தால், எங்கிருந்தோ வரும் கூடுதல் பெட்ரோலை இசியு குறைக்க முயன்றுகொண்டிருக்கிறது. இன்ஜெக்டர் ஒழுகலாம், சூடான இன்ஜினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்துக் கிளப்பும்போது திணறுவது அதன் அடையாளம். எரிபொருள் அழுத்த ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கலாம். இன்ஜினுக்குக் காற்று செல்லும் குழாய்த்தொகுதியான இன்டேக் மானிஃபோல்டுக்குச் செல்லும் அதன் மெல்லிய ஹோஸைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் ஈரம் தெரியும். அங்கே ஒரு துளியும் இருக்கக் கூடாது. மானிஃபோல்டு அழுத்த சென்சாருக்குச் செல்லும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இன்ஜின் பெருஞ்சுமையில் ஓடுவதாக எண்ணி இசியு பெட்ரோலைக் கொட்டும்.

பிளக் கறுத்து, எண் பிளஸ்ஸில் இருந்தால் நிலைமை வேறு. இன்ஜினில் பெட்ரோல் மிகுந்திருக்க, இசியு மேலும் கூட்டுகிறது. அதற்குத் தவறான செய்தி போகிறது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் விரிசலோ கேஸ்கெட் கசிவோ இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்லும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று கேட்டுச் சூடானதும் அடங்கும் ஒலி இந்தக் கசிவினுடையது. கசிவு இல்லையென்றால் சென்சாரையே சந்தேகிக்கலாம். சூடான நல்ல சென்சாரின் மின்னழுத்தம் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் நின்றாலோ, சோம்பலாக நகர்ந்தாலோ மாற்ற வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் சென்சாரை மாற்றுவது பல ஆயிரம் ரூபாயில் ஆடும் சூதாட்டம்.

எண் சுழிக்கருகே நின்று, பிளக்கும் பழுப்பாக இருந்தால் கலவையில் குறை இல்லை. இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் செலவைத் தவிர்த்துவிட்டுப் பிரேக்குக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் திரும்புங்கள்.

அறிகுறி: ஐட்லிங் உயர்ந்து நிற்கிறது

மாருதியின் சிறிய கார்கள் பலவற்றில் காற்றின் அளவை இன்டேக் மானிஃபோல்டு அழுத்தத்தைக் கொண்டே இசியு கணிக்கிறது. இத்தகைய காரில் வேக்குவம் ஹோஸ் வெடித்துக் காற்று நுழைந்தால், கூடுதல் காற்றுக்கேற்பக் கூடுதல் பெட்ரோலும் சேர்ந்து ஐட்லிங் ஏறிவிடும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் செலவு கூடும். பழைய ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தால் விரிசல் வாய் திறக்கும். காற்று நுழைவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியின் கரியைச் சுத்தம் செய்து, ஆக்சிலரேட்டர் கேபிளில் சிறிது தளர்வு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: இன்ஜின் துடிக்கிறது, மேட்டில் மிஸ்ஸிங் வருகிறது

மூன்று சிலிண்டரில் ஒன்று விட்டுவிட்டு எரிந்தால் (மிஸ்ஸிங் என்பது இதுவே), அதன் பெட்ரோலில் ஒரு பகுதி அப்படியே வெளியே போகிறது. எரியாத அந்தச் சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று இசியு மற்ற சிலிண்டர்களுக்கும் கூட்டிவிடுவது இன்னொரு இழப்பு. இங்கேதான் பிளக்கை மாற்றுவதற்குப் பொருள் இருக்கிறது. இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜால் வையுங்கள். பிளக் வயர்களை இரவில் பானெட்டைத் திறந்து இன்ஜின் ஓடும்போது பாருங்கள்; கசியும் இடத்தில் நீல நிறப் பொறி தெரியும், அதை விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. மிஸ்ஸிங்கோடு நீண்ட நாள் ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைபடும்.

அறிகுறி: இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை

காலி சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். இன்ஜின் ஒலி மட்டும் உயர்ந்து வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட்டை மாற்றுவதற்கு முன் கேபிள் மிக இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெடலில் தளர்வே இல்லாவிட்டால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.

வழுக்கல் இல்லை, மிஸ்ஸிங்கும் இல்லை, ஆனால் இழுவை மட்டும் குறைந்திருக்கிறது என்றால், வால்வுகள் திறக்கும் நேரத்தைப் பிஸ்டனோடு பொருத்தும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மாற்றிய நாளிலிருந்து மைலேஜ் இறங்கியிருந்தால் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு; மூடியைக் கழற்றிக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெல்ட் சரியானால் அடுத்த ஐயம் கன்வெர்ட்டர் அடைப்பு.

ஏர் ஃபில்டரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்ஷன் கார்களில் அழுக்கடைந்த ஃபில்டர் முடுக்கத்தைக் குறைக்குமே தவிர மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை என்று ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துக் காட்டியது. காற்று குறைந்தால் இசியு பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. ஃபில்டரை இன்ஜினின் பாதுகாப்புக்காக உரிய காலத்தில் மாற்றுங்கள். மைலேஜுக்காக மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கார்புரேட்டர் கார்கள்

2000-க்கு முந்தைய மாருதி 800 போன்றவற்றில் திருத்திக்கொள்ளும் இசியு இல்லை என்பதால் ஃபில்டர் அடைப்பு உண்மையாகவே கலவையைக் கெடுக்கும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக்கின் லீவரை உள்ளே தள்ளிய பிறகும் கேபிள் சிக்கி, சோக் தகடு பாதி மூடியபடி நிற்பது இவற்றில் அடிக்கடி வரும் கோளாறு. ஃபில்டர் மூடியைக் கழற்றினால் கண்ணாலேயே தெரியும், தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். அடுத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையும் நீடில் வால்வும். வால்வு தேய்ந்தால் பெட்ரோல் நிரம்பி வழிந்து கார்புரேட்டரின் வாயில் சொட்டும். கலவைத் திருகைக் காதால் மட்டும் வைக்காமல், புகைச் சோதனைக் கருவியை மாட்டிக் கார்பன் மோனாக்சைடு எண்ணைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு வைத்த கலவை இன்றைய எரிபொருளில் பெட்ரோல் குறைந்த பக்கம் சாய்ந்து முடுக்கும்போது இடறலாம். அந்த இடறலைச் சமாளிக்க ஓட்டுநர் மேலும் மிதிப்பதிலும் மைலேஜ் போகிறது.

அறிகுறி: நிறுத்தியிருக்கும் காரில் பெட்ரோல் வாடை

இதை மைலேஜ் பிரச்சினையாக எண்ணித் தள்ளிப்போடாதீர்கள்; தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. பழைய ரப்பர் குழாய்கள் எத்தனாலில் மென்மையாகி வெடிப்பது உண்டு. இன்ஜினுக்கருகே உள்ள குழாய்கள், ஃபில்டர் இணைப்புகள், நிரப்பு வாயிலிருந்து டேங்குக்குச் செல்லும் தடித்த ரப்பர் ஆகியவற்றை அன்றே பார்த்து, எத்தனால் தாங்கும் குழாயால் மாற்றுங்கள். டேங்க் நிரம்பிய முதல் நாள்களில் மட்டும் வாடை வந்தால் நிரப்பு வாய் ரப்பரில்தான் கசிவு இருக்கும்.

எந்த அறிகுறியும் இல்லை

அப்படியானால் காரின் வேலை மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு முப்பது கிலோமீட்டர் ஒரே ஓட்டமாகப் போன கார் இப்போது பள்ளிக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் போகிறதென்றால், ஒவ்வொரு முறையும் இன்ஜின் சூடாகுமுன் நிறுத்தப்படுகிறது. 12 என்ற எண் அதற்கு நியாயமானதே. ஏசி கம்ப்ரஷர் உள்ளே குளிர்ந்த பிறகு நின்று நின்று ஓட வேண்டும். கேஸ் குறைந்தோ கண்டன்ஸர் அடைபட்டோ குளிர்ச்சி போதாமல் இடைவிடாது ஓடினால் சிறிய இன்ஜினுக்கு அது பெரும் சுமை. 10டபிள்யூ30 ஊற்ற வேண்டிய இன்ஜினில், வயதாகிவிட்டது என்று 20டபிள்யூ50 ஊற்றியிருந்தால் 1 முதல் 2 விழுக்காடு போகும்.

இவற்றுக்கும் பிறகே, சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்குப் போக வேண்டும். இன்ஜின் சூடாக, எல்லாப் பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி எடுக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு ஒரு சதுர செ.மீட்டருக்கு ஒரு கிலோவுக்குள் இருந்து, அளவும் கையேட்டின் வரம்புக்கு மேல் இருந்தால் இன்ஜின் நலம். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் எடுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வானால் முதலில், வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளியைப் பாருங்கள், இறுகிய டேப்பெட்டால் வால்வு மூடாமலிருப்பது குறைந்த செலவில் தீரக்கூடியது.

ரிங் தேய்ந்திருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்தே இறங்க வேண்டும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் கார் 14-லிருந்து 16-க்கு உயர்ந்தால் மிச்சமாவது ஏறத்தாழ 89 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 8,900 ரூபாய். இன்ஜின் வேலைக்குப் பட்டறை எழுதித்தரும் தொகையை இந்த எண்ணால் வகுத்தால், செலவு திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகும் என்பது தெரியும். காரின் பதிவு அதற்குமுன் முடிந்துவிடுமானால், நீலப்புகையும் ஆயில் குறைவும் பொறுக்கும் அளவில் உள்ளவரை, ஆயில் மட்டத்தை வாரந்தோறும் பார்த்துக்கொண்டு அப்படியே ஓட்டுவதே சரியான முடிவு.